நிபந்தனை இல்லாமல் கொடுத்த வீடு

1

ஓசூரில் இருக்கும் உங்களுக்கு இது அபசகுனமாகப் படலாம். இங்கே இங்கிலாந்தில் முப்பது வயதுக்காரர்கள் உயில் எழுதுகிறார்கள். குழந்தை பிறந்தால் தடுப்பூசி போடுவதுபோல, வீடு வாங்கினால் காப்பீடு எடுப்பதுபோல அதுவும் ஒரு வேலை. என் கணவர் பிரபுவோடு வேலை செய்யும் ஒருவர், “நீங்கள் இரண்டு பேரும் ஒரே காரில்தானே போகிறீர்கள், ஏதாவது ஆனால் குழந்தை யாரிடம் போகும்?” என்று மதியச் சாப்பாட்டின்போது கேட்டிருக்கிறார். பிரபு அதை வீட்டுக்கு வந்து சாதாரணமாகச் சொன்னார். அன்றிலிருந்து நெடுஞ்சாலையில் லாரிக்குப் பக்கத்தில் கார் போகும்போதெல்லாம் நான் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன். இனிமேல் நாங்கள் இருவரும் தனித்தனியாகப் பயணம் செய்யலாமா என்றுகூட யோசித்தேன். ஆறு வயதுக் குழந்தையை எந்த வண்டியில் ஏற்றுவது என்ற கேள்வி வந்ததும் அந்த யோசனையை விட்டேன்.

கோவென்ட்ரியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஹெலன் என்ற வழக்கறிஞரின் அலுவலகம் இருக்கிறது. காத்திருக்கும் அறையில் சுவரோரம் நிறையத் துண்டறிக்கைகள். உங்கள் உயிலில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறவர்கள். புற்றுநோய் ஆராய்ச்சி, கடலில் தவறி விழுந்தவர்களைக் காப்பாற்றுகிறவர்கள், பார்வையற்றோர், வயதான கழுதைகள். நாய்க் காப்பகம் ஒன்றின் தாளை என் மகள் ஆதிரை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். நாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நம்மையே பார்க்கிற படம். நீங்கள் முன்னால் இறந்துவிட்டால் உங்கள் நாய் அதன் ஆயுள் முழுக்க எங்கள் பொறுப்பு, இதோடு இருக்கும் அட்டையை நிரப்பிப் பையில் வைத்துக்கொண்டால் போதும், எங்களுக்கு எதுவும் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்று அதில் போட்டிருந்தது. நான் அதை மூன்றாவது தடவை படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஹெலன் நல்ல மாதிரி. வீடு, குழந்தை, பாதுகாவலர் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசியில், “அறப்பணி எதற்காவது ஏதேனும் விட்டுச்செல்ல விருப்பமா? எல்லோரிடமும் கேட்பேன், கட்டாயம் இல்லை” என்றார்.

“என் அப்பா அவருடைய முழு வீட்டையும் அப்படிக் கொடுத்தார்” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஹெலன் பேனாவைக் கீழே வைத்தார். “எவ்வளவு அழகான காரியம்.”

“ஆமாம்” என்றேன்.

பிரபு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஆங்கிலத்தில் வேலை பார்க்கத் தெரியும், தண்ணீர்க் கட்டணத்துக்குச் சண்டைபோடத் தெரியும். அந்த ஆமாமுக்குப் பின்னால் இருப்பதைச் சொல்ல மட்டும் வரவில்லை. அந்தக் கேள்வியை யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

2

எங்கள் வீடு ஓசூரில் சிப்காட் பக்கம், கம்பெனி பஸ்கள் திரும்புகிற முனையில் இருந்தது. அப்பா நாகரசம்பட்டிக்காரர். மாந்தோப்பில் தன் பங்கைத் தம்பியிடமே விற்றுவிட்டு, கம்பெனி டூல் ரூமில் வேலை பார்த்த காசையும் சேர்த்துக் கட்டிய வீடு. என் தம்பி பாபு அந்த முனையில்தான் வளர்ந்தான்.

பாபுவுக்கு மனவளர்ச்சி குறைவு. என்னைவிட மூன்று வயது இளையவன். அம்மா இருந்தவரை அவன் சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிட்டார், அம்மா போனபின் அப்பா. மற்றபடி அவன் ஒரு வேலையில் இருந்தான். ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டில் நின்று ஒவ்வொரு பஸ்சுக்கும் கையாட்டுவான். எந்த நிறம் எந்தக் கம்பெனி என்று தெரியும். பஸ் முனையில் திரும்பிக் கண்ணிலிருந்து மறைகிறவரை கையை இறக்க மாட்டான். மழை பெய்தாலும் இறக்க மாட்டான். பாதியில் சாப்பிடக் கூப்பிட்டால், “பஸ்சு போவல” என்பான். டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். இரவு வேலை முடித்துத் தூங்கி வழியும் ஆட்கள்கூட ஜன்னலுக்கு வெளியே ஒரு விரலையாவது தூக்குவார்கள். ஓசூரில் பாபுவைப்போல மரியாதை வாங்கியவர்கள் குறைவு.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபின், தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஓர் அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில் அவனைச் சேர்த்தார். சனிக்கிழமை மதியம் போய் அழைத்துவருவார், ஞாயிறு மாலை கொண்டுபோய் விடுவார். இல்லத்தில் அவனை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். இதை நான் இப்போதும் சொல்வேன்.

அப்பா உயில் எழுதப்போகிறேன் என்று போனில் சொன்ன நாள் நினைவிருக்கிறது. ஆதிரைக்குக் காய்ச்சல், ஒரு கையில் அவளும் ஒரு கையில் போனும்.

“வூட்ட அந்த இல்லத்துக்கே எழுதிடறேன் வாணி. உனக்கு ஒண்ணும் மனசுல இல்லியே?”

“எனக்கு எதுக்குப்பா. பாபு இருக்கானே.”

“அவனுக்கோசரந்தான் எழுதறது.”

“அப்ப அவன கடைசி வரைக்கும் பாத்துக்கணும்னு அதுல ஒரு வரி சேத்துருங்கப்பா.”

அப்பா குரலைத் தாழ்த்தினார், பக்கத்தில் யாரோ இருப்பதுபோல. “தானம்னு குடுத்துட்டு எம்மவன வெச்சுக்கன்னு எழுதுனா அதுக்குப் பேரு வாடகைம்மா.”

“இல்லப்பா, ஒரு பாதுகாப்புக்கு...”

“அவங்க மூஞ்சில அடிச்சாப்புல ஆயிடும். நம்பலைன்னு ஆயிடும். அப்புறம் அவன எப்டிப் பாப்பாங்க? கணக்குக்குத்தான் பாப்பாங்க. கேக்காத குடுத்தாத்தான் மனசோட பாப்பாங்க. உனக்கு அந்த ஊருக்குப் போயி எல்லாமே அக்ரிமெண்டா ஆயிடுச்சு.”

அவர் சொன்னதில் ஒரு கௌரவம் இருந்தது. எங்கள் பக்கம் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தால்கூட இந்த நேரத்தில் அடியுங்கள் என்று சொல்ல மாட்டார்கள். கொடுத்தால் கொடுத்ததுதான், கை மாறியபின் பேசுவது அசிங்கம். ஆதிரை அழுதாள். நான் சரிப்பா என்றேன்.

உயிலைப் பதிவு செய்தபின் இல்லத்தின் ஆண்டு விழாவில் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். இல்லத்து ஊழியர் ஒருவர் வீடியோ காலில் எனக்குக் காட்டினார். செயலாளர் சகுந்தலா மேடம் மைக்கைப் பிடித்து, “எத்தனையோ பேர் குடுக்கறாங்க. பேரு போடணும், போட்டோ மாட்டணும், எங்காளுக்கு வேலை குடுக்கணும்னு ஆயிரம் கேப்பாங்க. நம்ம அய்யா ஒரு நிபந்தனை, ஒரே ஒரு நிபந்தனைகூட எழுதல” என்றார். கூட்டம் கைதட்டியது. அப்பா வெள்ளைச் சட்டையில், கம்பெனியில் சேர்ந்த புதிதில் எடுத்த போட்டோவில் இருப்பதுபோல நிமிர்ந்து நின்றார். முன்வரிசையில் பாபு. மற்றவர்கள் நிறுத்தியபின்னும் அவன் மட்டும் தட்டிக்கொண்டிருந்தான்.

3

அப்பா இறந்தபோது நான் போய்ச் சேர்வதற்குள் தகனம் முடிந்துவிட்டது. கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்று பாபுவை இல்லத்திலிருந்து காரில் கூட்டிவந்திருக்கிறார்கள். சித்தப்பா அவன் கையைப் பிடித்து வைக்க, அவன் வைத்திருக்கிறான். அன்று அவனுக்குப் புது வேட்டி, முன்சீட். ஊர் முழுக்க, “பாபுவ எங்க, பாபுவக் கூப்புடு” என்றுதான் பேச்சாம்.

இல்லத்தார் அவசரப்படவில்லை. பதினாறாம் நாள் முடிந்தபின்தான் வந்தார்கள். மாநகராட்சியில் வீட்டுவரியைப் பெயர் மாற்ற, மகளுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரச் சொன்னார்கள். அந்தக் கவுண்டரில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“லண்டனா?”

“அதுக்குப் பக்கம்.”

“அதான் குடுக்கறீங்க. இங்க இருந்தா குடுக்க மாட்டீங்க” என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். அவர் என்னைப் பாராட்டினார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

சாவியைச் சகுந்தலா மேடம் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெற்றோர் இல்லாத பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதியாக்கப் போகிறோம் என்றார். அப்பா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. விமானத்தில் ஏறி உட்கார்ந்தபின்தான் ஒன்று உறைத்தது. இனிமேல் சனிக்கிழமை மதியம் பாபுவை யார் அழைத்துப்போவார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

4

யாரும் அழைத்துப்போகவில்லை. அதனால் அவன் தானே கிளம்பினான்.

சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் இல்லத்துக் கேட்டைத் தாண்டி, ரோட்டோரமாகவே நடந்து, வீட்டுக்கு வந்துவிடுவான். தாழ்ப்பாளைத் திறப்பான், தன் இடத்தில் நிற்பான், மதியம் தொடங்கும் பி ஷிப்ட் பஸ்களுக்குக் கையாட்டுவான். ஆள் வந்து கூட்டிப்போவார்கள். அடுத்த சனிக்கிழமை மறுபடி. ஆரம்பத்தில் விடுதிப் பிள்ளைகளுக்கு அவன் வேடிக்கை. மாடியிலிருந்து அவர்களும் பஸ்சுக்குக் கையாட்டினார்கள். பிறகு அவனுக்கும் கையாட்டினார்கள், அவன் திருப்பி ஆட்டினான். விடுதி வார்டன் பயந்துவிட்டார்.

முதல் வருடத் திதிக்கு நான் ஆதிரையோடு ஊருக்கு வந்தபோதுதான் சகுந்தலா மேடம் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் அப்பாவின் படம், சந்தன மாலை, புதுப் பூ.

“உங்கப்பாவ நாங்க தெய்வமா வெச்சிருக்கோம்மா. பூ வெக்காம ஒரு நாள் ஆபீஸ் தெறக்க மாட்டோம்.”

“தெரியும் மேடம்.”

“பாபு விஷயம் வேற.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முப்பது வயசு ஆம்பள. அங்க இருக்கறது எல்லாம் வயசுப் பிள்ளைங்க. நாளைக்கி யாராச்சும் வீடியோ எடுத்துப் போட்டா அந்தப் பிள்ளைங்க வாழ்க்கை என்ன ஆவறது?”

“அவன் யாரையும் தொடக்கூட மாட்டான் மேடம். பஸ்ஸத்தான் பாப்பான்.”

“எனக்குத் தெரியும். பாக்கறவனுக்குத் தெரியுமா?”

“கேட்ட பூட்டி வெச்சா...”

“அங்க பூட்டுனா செவுரு ஏறிக் குதிக்கறான். இங்க பூட்டுனா மத்த பிள்ளைங்களையும் சேத்துப் பூட்டணும். நாங்க ஜெயில் நடத்தலம்மா. ஒரு மாசம் டைம் தர்றோம். நீங்க வேற எடம் பாத்துக்குங்க.”

அது அவன் வீடு என்றேன். அதைச் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

“இப்ப அறக்கட்டளையோட வீடு. கோவிச்சுக்காதீங்க, உள்ளதச் சொல்றேன்.”

“நீங்க அவனப் பாத்துக்குவீங்கன்னுதான் மேடம் அப்பா குடுத்தார்.”

சகுந்தலா மேடம் பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் கஷ்டம். என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். “அப்படி ஒரு வரி எழுதியிருந்தா, பாபு வந்து போற வீடுன்னு நாங்க அத விடுதிக்கே எடுத்திருக்க மாட்டோம்மா. வேற ஏதாச்சும் பண்ணியிருப்போம். அய்யா எழுதல. எழுதாததுக்குத்தான நாங்க சால்வை போட்டோம்.”

ஆதிரை என் புடவையைப் பிடித்து இழுத்து, ஏசி இல்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மேடம் அவளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்.

5

அன்று சனிக்கிழமை. இல்லத்திலிருந்து பாபுவை நானே அழைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். கடைசியாக ஒரு தடவை முனையில் நிற்கட்டும் என்று நினைத்தேன். அது நல்லதா கெட்டதா என்று அப்போதும் தெரியவில்லை.

வீட்டுக்கு ரோஸ் கலர் அடித்திருந்தார்கள். நுழைவாயிலுக்கு மேலே கல்லில் அப்பாவின் பெயர், ‘நினைவு மகளிர் விடுதி’ என்று. உள்ளே வராந்தாச் சுவரில் இங்கேயும் அப்பாவின் படம், வெளியிலிருந்தே தெரியும். பாபு ஆட்டோவிலிருந்து இறங்கி, கேட் கம்பிக்குள் கையை விட்டு, பார்க்காமலே தாழ்ப்பாளைத் தேடினான். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் தகடு அடித்திருந்தது. கை அங்கேயே தடவிக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் வந்தார், ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர், போ போ என்று கையை வீசினார். “ஹோகப்பா, ஹோகு. வாரா வாரம் உன்னோட ரோதன.”

“அப்பா உள்ள” என்றான் பாபு. படத்தைக் காட்டினான்.

“அப்பா உள்ள இல்ல, மேல” என்று வாட்ச்மேன் வானத்தைக் காட்டினார். பாபு மேலே பார்த்தான். மாடியில் இரண்டு பெண்பிள்ளைகள் நின்றிருந்தார்கள், அவனைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்கள். சொல்லிவைத்திருப்பார்கள்.

“நான் இவன் அக்கா. இந்த வீட்ட குடுத்தவரோட பொண்ணு” என்றேன்.

வாட்ச்மேன் என்னையும், என் பையையும், ஆதிரையின் ஷூவையும் பார்த்தார். “குடுத்தவங்க பொண்ணுன்னா சந்தோஷம்மா. ஆனா நீங்களே கூட்டிட்டு வந்து நிறுத்துனா எப்படி? நான் மேடத்துக்கு என்ன பதில் சொல்றது?”

அந்த நேரம் பார்த்துப் பச்சை பஸ் வந்தது. பாபு திரும்பிக் கையைத் தூக்கினான். டிரைவர் புதியவர் போலிருக்கிறது, ஹாரன் அடிக்கவில்லை. பஸ் திரும்பி மறையும்வரை பாபு நின்றான். அடுத்து வெள்ளை பஸ். அடுத்து இரண்டு நீலம். வாட்ச்மேன் பொறுத்துக்கொண்டார், அந்த அளவுக்கு நல்ல மனிதர்தான். கடைசி பஸ் போனபின், பாபு தானாகவே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தான். வேலை முடிந்தவன் மாதிரி.

“அவர் யாருக்கு பை சொல்றார்?” என்று ஆதிரை கேட்டாள்.

“பஸ்ல போறவங்களுக்கு.”

“அவங்கள அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில், “அப்படியானால் அது கொஞ்சம் அசட்டுத்தனம், இல்லையா?” என்றாள். அவள் டீச்சரின் குரல். பாபுவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவளைப் பார்த்துச் சிரித்தான்.

6

திதி நாகரசம்பட்டியில் சித்தப்பா வீட்டில். அங்கே மறுபடி பாபு மகன். எள்ளும் தண்ணீரும் அவன் கையால்தான் விடவேண்டும் என்று ஐயர் சொல்ல, மணையில் உட்கார வைத்தார்கள். எல்லாம் முடிந்து இலை போட்டபின், நான் சித்தப்பாவிடம் கேட்டேன். தோப்பு வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, மாதா மாதம் ஆகிற செலவை நான் அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

சித்தப்பா ரசத்தை உறிஞ்சி முடித்தார். “அண்ணன் என்னெ ஒரு வார்த்த கேட்டாரா வாணி? வூட்ட எம்பேருக்கு எழுதச் சொல்லல. இவன் பேருக்காச்சும் எழுதி, தம்பி நீ பாத்துக்கடான்னு சொல்லியிருந்தா, சாவற மட்டும் சோறு போட்டிருப்பேன். மேடை ஏறி ஊருக்குத் தானம் குடுத்தாரில்ல. ஊரு பாக்கட்டும்.”

“சித்தப்பா, அவன் உங்க அண்ணன் மவன்.”

“அதான் திதிக்கு ஒக்கார வெச்சேன்.”

சின்னம்மா பாயசத்தோடு வந்தார். “அவுரு அப்டித்தான் பேசுவாரு கண்ணு, நீ மனசுல வெக்காத. வர்ற தையில நம்ம சேகருக்குப் பொண்ணு பாக்கறோம். வர்றவங்க கண்ணுல இவன் கேட்டுல நின்னு கைய ஆட்டறது பட்டா என்னா நெனப்பாங்க? பரம்பரைல இருக்குதுன்னு போயிடுவாங்க. ஒரு ரெண்டு வருசம் போவட்டும்.” பிறகு பாபுவின் இலைக்கு இன்னொரு கரண்டி பாயசம் விட்டார். அவனுக்குப் பாயசம் பிடிக்கும் என்பதை அவர் மறக்கவில்லை.

உன்னோடு கூட்டிப்போயேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே வந்திருந்த எல்லோரும் கேட்டார்கள். இந்த நாட்டு விசா விவகாரம் பார்க்கும் ஆலோசகரிடம் போனில் பேசினேன். உங்கள் தம்பியைப் பார்த்துக்கொள்ள இந்தியாவில் வழியே இல்லை என்று காட்டினால் விண்ணப்பிக்கலாம், ஆனால் இத்தனை வருடம் அவர் ஓர் இல்லத்தில் நன்றாகத்தானே இருந்திருக்கிறார், அதை வைத்தே மறுத்துவிடுவார்கள் என்றார். இங்கே இருப்பவர்களைக் கேட்டால் பாபுவுக்கு அங்கே இல்லம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களைக் கேட்டால் பாபுவுக்கு இங்கே அக்கா இருக்கிறாள். நானே ஊரோடு திரும்பிவிடலாமா என்றும் கேட்டுக்கொண்டேன். எத்தனை நாள் கேட்டுக்கொண்டேன் என்று சொன்னால் நீங்கள் என்னை நல்லவள் என்று நினைப்பீர்கள். திரும்பவில்லை.

பர்கூர் தாண்டி, பணம் கட்டினால் சேர்த்துக்கொள்கிற இடம் ஒன்று கிடைத்தது. சுத்தமாக இருக்கிறது. ஆளுயரத்துக்கு மேல் காம்பவுண்ட் சுவர், உள்ளே வேப்பமரம். ரோடு தெரியாது. மாம்பழக் கூழ் ஆலைக்குப் போகிற லாரிகளின் சத்தம் மட்டும் கேட்கும். சத்தம் வரும்போதெல்லாம் பாபு சுவரைப் பார்த்துக் கையைத் தூக்குகிறானாம். ஆனால் எப்போது இறக்குவது என்று அவனுக்குத் தெரிவதில்லை. அங்கிருக்கும் நர்ஸ் போய் இறக்கிவிட்டு வருகிறார்.

அவனை விட்டு வரும்போது மேனேஜர் வாசல்வரை வந்தார். “நீங்க வெளிநாட்டுல இருக்கறவங்க. உங்க காலத்துக்கு அப்புறம் ஏதாச்சும் எழுதி வெக்கற எண்ணம் இருந்தா சொல்லுங்க மேடம். நிறைய பேரு எழுதறாங்க” என்றார். கையில் தயாராக ஒரு துண்டறிக்கை வைத்திருந்தார்.

7

ஹெலனின் கேள்விக்கு வருகிறேன்.

பர்கூர் இல்லத்துக்கே ஏதாவது எழுதிவிடலாமா என்று பிரபுவிடம் கேட்டேன். அவர் அப்பாவிடம் அதிகம் பேசியவர் இல்லை, ஆனால் கணக்கில் கெட்டி.

“எப்பக் குடுப்ப? நாம செத்த உடனேயா?”

“ஆமா.”

“கைக்கு வந்ததும் உங்கப்பா வீடு மாதிரிதான். அப்புறம் அவன வெச்சிருக்கணும்னு என்ன இருக்கு?”

“அப்ப பாபு காலத்துக்கு அப்புறம் அவங்களுக்குப் போற மாதிரி எழுதலாம். அவன் இருக்கற வரைக்கும் ஒழுங்காப் பாத்துக்குவாங்கல்ல.”

பிரபு பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார். “அப்ப அவன் எப்பப் போவான்னு பாத்துட்டு இருப்பாங்க வாணி.”

முன்னால் கொடுத்தால் பிடிமானம் இல்லை, பின்னால் கொடுத்தால் அவன் உயிர் அவர்களுக்கு இடைஞ்சல். ஹெலனிடம் இரண்டையும் கேட்டேன். “நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விருப்பமாக எழுதலாம். ஆனால் விருப்பம் என்றால் விருப்பம்தான், யாரையும் கட்டாது” என்றார். எங்கள் ஊரில் அப்பா ஒருவர்தான் நிபந்தனை எழுதத் தெரியாதவர் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதத் தெரிந்தவர்களாலும் எழுத முடியாது போலிருக்கிறது.

போன வாரம் கையெழுத்துப் போட்டோம். அறப்பணி என்ற இடத்தில் எதுவும் இல்லை. எங்களுக்கு ஏதாவது ஆனால், இந்த வீட்டை விற்ற பணத்திலிருந்து பாபு இருக்கும்வரை அவன் செலவு முதலில். மிச்சம் ஆதிரைக்கு. அவள் வளரும்வரை பிரபுவின் அக்கா பார்த்துக்கொள்வார், வளர்ந்தபின் பாபுவின் பொறுப்பு ஆதிரையுடையது.

ஹெலன் அந்தப் பத்தியை உரக்கப் படித்துவிட்டு, “உங்கள் மகளுக்கு அவரைத் தெரியுமா?” என்று கேட்டார்.

“ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவாள்.”

“நல்லது” என்று பேனாவை நீட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆதிரையின் பள்ளியில் அறக்கொடை நாள். சீருடை வேண்டாம், புள்ளி போட்ட உடுப்பும் ஒரு நாணயமும் கொண்டுவர வேண்டும். யாருக்காம் என்று கேட்டேன். “யாருக்கோ” என்றாள். மார்பில் ‘நான் உதவினேன்’ என்று ஒட்டிய ஸ்டிக்கரோடு திரும்பி வந்தாள். சட்டையை மாற்றியும் அதை விடாமல் எடுத்து ஒட்டிக்கொண்டு, ஞாயிறுவரை அதோடேயே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பர்கூருக்கு வீடியோ கால் போட்டேன். நர்ஸ் போனைப் பிடித்துக்கொண்டார். பாபு எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஆட்ட ஆரம்பித்தான். முகம் இளைத்திருந்தது. சட்டையில் எல்லாப் பொத்தானும் சரியாகப் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டேன்.

“மாமாவுக்குக் கையாட்டு” என்றேன்.

ஆதிரை ஆட்டினாள். கொஞ்ச நேரம் ஆட்டினாள். பிறகு போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

“அவர் எப்ப நிறுத்துவார்?”

“நீ கண்ணுல மறைஞ்சா நிறுத்துவான்.”

அதற்குள் அடுப்பில் பால் பொங்கியது. நான் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது ஆதிரை இல்லை, மாடியில் விளையாடும் சத்தம் கேட்டது. போனை அணைக்கவில்லை. சமையலறை மேசையில், திரையும் கேமராவும் மேலே பார்க்க, அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

எட்டிப் பார்த்தேன். பாபு எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தான்.